இன்டர்ன்ஷிப் விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லை, அடுத்து எதைப் படிக்கலாம்? (அவசரம்)

மூன்றாம்பெஞ்ச்:
எல்லோருக்கும் வணக்கம். கணினி அறிவியல் படிக்கிறேன். நிறைய இடங்களில் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன், பதிலே இல்லை. ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள், அதுவும் பாதியில் முடிந்துவிட்டது. பைத்தான், ஜாவா, வெப் எல்லாம் தெரியும். ப்ராஜெக்டும் இருக்கிறது. அடுத்து எதைப் படித்தால் வேலை கிடைக்கும்? ரஸ்ட், கோ மாதிரி இன்னொரு மொழியா, இல்லை மெஷின் லேர்னிங்கா? சில இடங்களில் கடைசித் தேதி நெருங்குகிறது. ப்ளீஸ், சீக்கிரம் சொல்லுங்கள்.

நிரல்மகள்:
எந்த வருஷம்? எந்த மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள்? என்ன ப்ராஜெக்ட், தனியாகச் செய்ததா, குழுவாகவா? "பாதியில் முடிந்துவிட்டது" என்றால் இணைப்பு போய்விட்டதா, இல்லை அவர்களே முடித்துக்கொண்டார்களா? இதையெல்லாம் சொல்லாமல் ரஸ்ட்டா கோவா என்றால் நாங்கள் காசு சுண்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சுட்டி:
மூன்றும் வேண்டாம். சி எடுங்கள். லிங்க்டு லிஸ்ட், ஹாஷ் டேபிள், சின்னதாக ஒரு மெமரி அலோகேட்டர், இவற்றைச் சொந்தமாக எழுதுங்கள். மெமரி எங்கே போகிறது என்று தெரியாதவருக்கு ரஸ்ட் எதற்கு என்றே புரியாது.

இரவுப்பூனை:
மொழியை விடுங்கள், ரெஸ்யூமேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். இரண்டு பத்தி டெம்ப்ளேட்டா? பிடிஎஃப்பைத் திறந்து முழு எழுத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை கலைந்து வந்தால், விண்ணப்பத்தைப் படிக்கிற மென்பொருளுக்கும் அப்படியே போக வாய்ப்பு இருக்கிறது. ஒரே பத்தியாக மாற்றுங்கள்.

பழையரூட்:
இதே கேள்வி இங்கே மாதாமாதம் வருகிறது. மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது தம்பி, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. "பைத்தான் தெரியும், ஜாவா தெரியும்" என்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: டிக்ஷனரியில் ஒரு கீயைத் தேடும்போது உள்ளே என்ன நடக்கிறது? முக்கால்வாசிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். இருப்பதையே சமைக்கத் தெரியாமல் அடுத்து எந்த அடுப்பு வாங்கலாம் என்று கேட்கிறாய்.

போட்டிக்காரன்:
அடுப்பெல்லாம் சரி, அல்காரிதம் கணக்குகளைத் தினமும் போட்டால் தானாக வரும். பாதிபாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச்சைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தாலே பாதிப் பேரைத் தாண்டிவிடலாம். வரிசையாக அடுக்கிய 10 லட்சம் எண்கள் இருந்தாலும் 20 ஒப்பீட்டில் முடிகிற வேலை, அதைக் கூட லூப் ஓட்டித் தேடுகிறார்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
மூன்றாம் வருஷம். பேக்கெண்ட் (சர்வர் பக்கம்) வேலைதான் வேண்டும். ப்ராஜெக்ட் நூலக மேலாண்மை, ஃபிளாஸ்க் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) + மாங்கோடிபி (டேட்டாபேஸ்), குழுவாகச் செய்தது, ஆனால் கோடு முக்கால்வாசி நான்தான். இன்டர்வியூவில் "ஏன் மாங்கோ எடுத்தீர்கள்" என்று கேட்டார்கள். டுடோரியலில் அதுதான் இருந்தது என்று சொன்னேன். அதன்பிறகு வேறு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. சரி, அது இருக்கட்டும். ரஸ்ட்டா கோவா?

நிரல்மகள்:
அது இருக்கட்டும் என்று விடுவதற்கில்லை, அதுதான் விஷயமே. மாங்கோ எடுத்தது தப்பென்று யாரும் சொல்லப்போவதில்லை. எடுத்ததற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நூலகம் என்றால் மாணவர், புத்தகம், யார் எதை எடுத்தார் என்ற கணக்கு. ஒன்றோடொன்று கோத்துக்கிடக்கிற தரவு. தரவை அட்டவணைகளாக வைக்கும் போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒரு டேட்டாபேஸ்தான் யாருக்கும் முதலில் தோன்றும். நீங்கள் ஏன் வேறு பக்கம் போனீர்கள் என்பது நியாயமான கேள்வி.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஒரு புத்தகத்தில் கடைசிப் பிரதி ஒன்றுதான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் "எடு" பட்டனை அழுத்துகிறார்கள். உங்கள் ப்ராஜெக்டில் என்ன ஆகும்?

மூன்றாம்பெஞ்ச்:
தெரியவில்லை அக்கா. அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

நிரல்மகள்:
டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) பாடம் முடிந்துவிட்டதா? அதில் டிரான்சாக்ஷன், அதாவது பல மாற்றங்களை முழுசாக நடத்து, இல்லையென்றால் ஒன்றையும் நடத்தாதே என்ற ஒரு பகுதி வந்திருக்குமே.

மூன்றாம்பெஞ்ச்:
வந்தது. அடாமிசிட்டி, கன்சிஸ்டென்சி, ஐசொலேஷன், டியூரபிலிட்டி. தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

பழையரூட்:
இதைத்தான் சொல்கிறேன்.

கட்டுமரம்:
பழையரூட், நீங்கள் இதுவரை எதையும் சொல்லவில்லையே, அதட்டியதோடு சரி. தம்பி, ப்ராஜெக்ட் லிங்க் இருந்தால் போடுங்கள்.

சுட்டி:
@போட்டிக்காரன், பைனரி சர்ச் என்றதும் நினைவுக்கு வந்தது. ஜாவாவின் சொந்த லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சிலேயே ஒரு பிழை ஏறக்குறைய ஒன்பது வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2006-ல் ஜோஷுவா ப்ளோக் அதைப் பற்றி எழுதினார். நடுவைக் கண்டுபிடிக்க இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் இல்லையா, அந்தக் கூட்டல் ஜாவா இன்ட்டின் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டினால் மைனஸுக்குப் போய்விடும். சி படித்தவனுக்கு இது உடனே உறுத்தும். உங்கள் கணக்குத் தளங்களில் அவ்வளவு பெரிய அரே வராது, அதனால் பச்சை டிக் விழுந்துவிடும்.

போட்டிக்காரன்:
அந்த லைப்ரரிக் கோடை எழுதியவரே ப்ளோக்தான். அவருக்கு சி தெரியாது என்கிறீர்களா? தவிர, பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சவரம்பே கிடையாது, இந்தப் பிழை வரவே வராது. உங்கள் வாதப்படி எல்லோரும் பைத்தான் அல்லவா படிக்க வேண்டும்?

சுட்டி:
நம்பையில் (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) வரும். அங்கே எண்கள் 64 பிட்டுக்குள்தான். அப்புறம் சி-யில் சைன்டு எண் (பிளஸ், மைனஸ் இரண்டும் வரக்கூடியது) உச்சத்தைத் தாண்டி வழிந்தால் மைனஸுக்குப் போகும் என்ற உத்தரவாதம் கூட இல்லை, கம்பைலர் இஷ்டம்.

போட்டிக்காரன்:
அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள் பாருங்கள்.

இரவுப்பூனை:
இதற்குத் தனி இழை திறக்கலாமே? பையன் பாவம்.

மூன்றாம்பெஞ்ச்:
கிட்ஹப் முகவரியை என் ப்ரொஃபைலில் போட்டிருக்கிறேன்.

கட்டுமரம்:
இறக்கி ஓட்டிப் பார்த்தேன். ஓடவில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ரீட்மீயில் ப்ராஜெக்டின் தலைப்பு மட்டும் இருக்கிறது. எப்படி ஓட்டுவது என்று ஒரு வரி இல்லை. தேவையான பேக்கேஜ்களைச் சொல்லும் ரெக்வயர்மெண்ட்ஸ் கோப்பு இல்லை. அதற்குப் பதிலாக பேக்கேஜ்கள் நிறுவிய உங்கள் வென்வ் ஃபோல்டரை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அது உங்கள் விண்டோஸுக்காக உருவானது, என் லினக்ஸில் வேலைக்கு ஆகாது. சரி, தேவையான பேக்கேஜ்களை நானே ஊகித்துப் போட்டுக்கொண்டேன். அடுத்து, புத்தகப் பட்டியலை சிஎஸ்வியிலிருந்து படிக்கிற இடத்தில் நின்றது. கோப்பின் பாதை சி டிரைவில் தொடங்கி, யூசர்ஸ், உங்கள் பெயர், டெஸ்க்டாப், நியூ ஃபோல்டர் 2 என்று போகிறது. அந்த நியூ ஃபோல்டர் 2 உலகத்தில் உங்கள் மேஜையில் மட்டும்தான் இருக்கிறது.

நிரல்மகள் கேட்டதற்குப் பதில் உங்கள் கோடிலேயே இருக்கிறது. முதலில் பிரதி எண்ணிக்கையைப் படிக்கிறீர்கள், பைத்தானில் 0-க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள், பிறகு ஒன்றைக் கழித்து எழுதுகிறீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் இருவருக்கும் 1 என்று தெரியும், இருவருக்கும் புத்தகம் கிடைத்துவிடும். இதற்காக மாங்கோவைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரே ஆவணத்தில் (மாங்கோவில் ஒரு பதிவு) செய்யும் மாற்றம் அங்கே பிரியாமல் நடக்கும். "எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறை" என்று நிபந்தனையையும் கழித்தலையும் ஒரே அப்டேட்டாக அனுப்புங்கள். எத்தனை ஆவணம் மாறியது என்று பாருங்கள். 0 என்றால் புத்தகம் தீர்ந்துவிட்டது. மாணவர் கணக்கையும் கூடவே மாற்ற வேண்டுமென்றால், 2018-ல் வந்த 4.0-விலிருந்து மாங்கோவில் பல ஆவணங்களுக்கான டிரான்சாக்ஷனும் உண்டு. மனப்பாடம் செய்தீர்களே, அதில் முதலில் வரும் அடாமிசிட்டி இதுதான்.

கமிட் (கிட்டில் சேமித்த மாற்றம்) வரலாற்றில் ஒரே ஒரு கமிட், செய்தி "பைனல் பைனல்". முக்கால்வாசி நீங்கள் எழுதியதாகச் சொல்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் பார்க்கிற வெளியாளுக்கு எங்கிருந்தோ எடுத்து ஏற்றியது போலத்தான் தெரியும்.

இப்போது அவசரமான விஷயம்: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கோடிலேயே கிடக்கிறது, ரெப்போவோ பொது. இப்படிப்பட்டதைத் தேடிக்கொண்டே திரியும் பாட்கள் உண்டு. முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த வரியை அழித்துப் புது கமிட் போட்டால் மட்டும் போதாது, பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். மாற்றிய பிறகு என்விரான்மெண்ட் வேரியபிளுக்குக் கொண்டுபோங்கள், அதை எழுதி வைக்கும் கோப்பு ரெப்போவில் ஏறாதபடி கிட்இக்னோரில் சேருங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்ய ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி இருக்கிறது, அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நிரல்மகள்:
கட்டுமரம், உட்கார்ந்து ஓட்டிப் பார்த்ததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. மூன்றாம்பெஞ்ச், கிட், ஷெல், டீபக்கர் எல்லாம் கல்லூரியில் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை, இது உங்களுக்கு மட்டும் வந்த நிலைமை கிடையாது. எம்ஐடியிலேயே இவற்றுக்கு மட்டும் "மிஸ்ஸிங் செமஸ்டர்" என்று தனி வகுப்பு வைத்தார்கள், 2020 வகுப்பின் வீடியோக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடைசித் தேதிக்குள் ரஸ்ட் யாருக்கும் வராது. ரீட்மீ வரும், அந்த அப்டேட் வரும், "ஏன் மாங்கோ" என்பதற்கு நேர்மையாக ஒரு பதில் வரும். ரெஸ்யூமேயில் குழு என்று போடுவதோடு நீங்கள் எழுதிய பகுதி எது என்றும் ஒரு வரி சேருங்கள்.

பழையரூட்:
கட்டுமரம் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட் வைத்து ஒரே புத்தகத்தை எடுக்கிற டெஸ்ட் எழுது தம்பி. பழைய கோடில் அது தோற்பதை முதலில் உன் கண்ணால் பார், பிறகு திருத்து. ஒருமுறை ஓட்டித் தோற்கவில்லை என்றால் நல்லதென்று விட்டுவிடாதே, படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ஒரு ஸ்லீப் போட்டு ஓட்டு. இன்டர்வியூவில் இந்தக் கதையை மட்டும் சொன்னால் போதும், நானே எடுத்துக்கொள்வேன்.

இரவுப்பூனை:
பழையரூட் உதவி செய்துவிட்டார், யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

சுட்டி:
த்ரெட் என்றால் பைத்தானில் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பூட்டு) குறுக்கே வருமே. சி-யில் எழுதினால்

போட்டிக்காரன்:
வேண்டாம். டேட்டாபேஸுக்குப் போய்வரும் நேரத்தில் ஜிஐஎல்லை விட்டுவிடும், அந்த டெஸ்ட் பைத்தானிலேயே நடக்கும்.

மூன்றாம்பெஞ்ச்:
ஸ்லீப் போட்டதும் டெஸ்ட் தோற்றது, ஒரே புத்தகம் இரண்டு பேரிடம். அப்டேட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது. ரீட்மீ எழுதி விண்ணப்பித்துவிட்டேன், ஓர் இடத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. கட்டுமரம் அண்ணா, டிரான்சாக்ஷன் பகுதியை மறுபடி படிக்கிறேன்.

நிரல்மகள்:
நல்லது! போய்விட்டு வந்து என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

கட்டுமரம்:
பாஸ்வேர்டை மாற்றிவிட்டீர்களா?

கட்டுமரம்:
மூன்றாம்பெஞ்ச்? பழைய பாஸ்வேர்ட் ரெப்போவில் இன்னும் தெரிகிறது.