சிறிய ஜீப் இனி வராதாம்: அடுத்து எதை வாங்குவது?

மலைச்சாரல், கொட்டகலை:
வணக்கம். எங்கள் வீட்டில் 22 ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தின் சிறிய ஜீப்தான் ஓடுகிறது. மழை நாளில் லயத்துக்கு ஏறும் கல்பாதையில் ஃபோர்வீலைப் போட்டு முதலாம் கியரில் விட்டால், மரக்கறி மூட்டைகளோடும் வழுக்காமல் ஏறிவிடும். இப்போது அந்த நிறுவனம் சிறிய வண்டிகளைக் கைவிட்டு, அகலமான வண்டிகளை மட்டுமே தயாரிக்கப் போகிறதாம். எதிரே ஒரு டிரக்டர் வந்தால் அவற்றை ஒதுக்க எங்கள் பாதையில் இடமே இல்லை. இத்தனை காலம் நம்பியிருந்தவர்களை இப்படிக் கைவிடலாமா?

பழைய சாரதி, கினிகத்தேனை:
உங்கள் ஆதங்கம் நியாயமானது. சிறிய வண்டியில் இலாபம் குறைவு என்பதால் பெரிய நிறுவனங்கள் பலவும் இவ்வழியில்தான் செல்கின்றன. வட அமெரிக்காவில் பெரும்பாலான கார் ரகங்களைக் கைவிடுவதாக ஃபோர்ட் 2018இல் அறிவித்தது. ஐரோப்பாவில் அதன் சிறிய காரான ஃபியஸ்டாவின் தயாரிப்பும் 2023இல் முடிந்தது. ஆனால் விற்பனைக் கணக்கில் நம் கல்பாதை தெரிவதில்லையே!

தேயிலைக்காடு, நுவரெலியா:
விற்றுவிடாதீர்கள், அண்ணா. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்படும் வரை நாம் பழைய வண்டிகளைத்தானே ஓட்டினோம். முதலில் வண்டியைத் தூக்கி, சேறு தங்கும் சேசியின் (அடிச்சட்டத்தின்) பின்பகுதியைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தால் துரு உள்ளே இறங்கிவிட்டது, உடனே வெல்டிங் செய்யுங்கள்.

மலைச்சாரல்:
மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோகிறேன்.