மறு: வெளிச்செல்லும் மின்னஞ்சல் – ‘டெலிவரி’, ‘றிலே’ இரண்டுக்கும் என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம். மின்னஞ்சல் சேவையகத்தின் மேலாண்மைப் பக்கத்தைத் தமிழாக்கும்போது ‘டெலிவரி’ (கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது), ‘றிலே’ (இடையில் ஒரு சேவையகம் வாங்கி அடுத்ததற்கு அனுப்புவது) இரண்டுக்கும் என்ன சொல் போடலாம் என்ற பேச்சுக்கு இது என் பதில். மதுரை அண்ணா எழுதியிருந்தது:

> டெலிவரிக்கு ‘விநியோகம்’ என்று போட்டுவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த சொல். ரிலேக்கு ‘அஞ்சல்’ அகராதியிலேயே இருக்கிறது. புதிதாக எதற்குச் சொல் தேடவேண்டும்?

மதுரை அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை அடித்துச் செய்வது எனக்கும் பிடிக்காது. ஆனால் இந்த இரண்டு சொல்லும் மின்னஞ்சல் சேவையகத்தின் அமைப்புப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அதைப் பார்ப்பவர் விஷயத்தைப் பிழையாகத்தான் விளங்கிக்கொள்வார். திருகோணமலையில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மே மாதம் பிறந்தால் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன். அங்கே ஒரு சிறிய விடுதி, தன் டொமைனில் தானே மின்னஞ்சல் நடத்துகிறது. அறை பதிவுசெய்தவருக்கு உறுதிக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று கூப்பிட்டார்கள். நாங்கள் தமிழாக்கிய மேலாண்மைப் பக்கத்தைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதில் அந்தக் கடிதத்துக்கு நேரே பச்சை எழுத்தில் ‘விநியோகிக்கப்பட்டது’ என்று நிற்கிறது. முதலாளி கேட்டார்: “விநியோகம் ஆச்சு எண்டு உங்கட பக்கமே சொல்லுது. பிறகேன் அந்த மனுசன் வரேல்லை எண்டுறார்?”

பதிவைத் திறந்து பார்த்தால், விடுதியின் சேவையகம் கடிதத்தை இடையில் உள்ள பெரிய சேவையகம் ஒன்றிடம் கொடுத்திருக்கிறது. அது 250, அதாவது ‘சரி’, என்று பதில் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அங்கிருந்து போன கடிதம் விருந்தினரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்துவிட்டது. விடுதி டொமைனின் எஸ்.பி.எஃப். பதிவில் (அந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு அனுமதி என்று சொல்லும் பட்டியல்) அந்த இடைச் சேவையகம் சேர்க்கப்படவில்லை, கடிதம் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் டி.கே.ஐ.எம். கையொப்பமும் இல்லை. பிறகு என்ன நடக்கும்? இரண்டையும் சரிசெய்ததும் கடிதங்கள் ஒழுங்காகப் போகத் தொடங்கின. ஆனால் அந்த முதலாளி இன்னும் அந்தப் பச்சை எழுத்தை நம்புவதில்லை. எழுத்தில் பிழை இல்லை, சொல்லில்தான் பிழை.

சேவையகங்கள் மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்.எம்.ரி.பி. எங்கேயும் ‘வாசகர் கையில் கிடைத்தது’ என்று உறுதி சொல்வதில்லை. 1982இல் ஜொனதன் போஸ்டல் எழுதிய இணையத் தரநிலை ஆவணமான ஆர்.எஃப்.சி. 821 தொடங்கி, 2008இல் வந்த 5321 வரைக்கும் இதுதான் நிலை. கடிதத்தின் உடல் முழுவதும் வந்து முடிந்தபின் எதிர்ப்பக்கம் 250 என்று சொன்னால், ‘இனி இதைச் சேர்ப்பதோ அடுத்தவரிடம் கொடுப்பதோ என் பொறுப்பு’ என்று அது ஏற்றுக்கொள்கிறது. முடியாமல் போனால் அனுப்பியவருக்குச் சொல்லவேண்டியதும் அதன் கடமை. ஆகவே வெளிச்செல்லும் பக்கத்தில் நடப்பது ஒன்றே ஒன்று: பொறுப்பு ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கு இருக்கிறது. கையளித்தல். பத்திரிகையைத் திறந்தால் ‘மாவட்டச் செயலகத்தில் மகஜர் கையளிப்பு’ என்று செய்தி இருக்கும். மகஜரைக் கையளித்துவிட்டார்கள் என்றால் கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று யாராவது நினைப்பார்களா? வாங்கியவர் கையில் இருக்கிறது, இனி அவர் பாடு. 250 என்ற பதிலுக்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. மறுபக்கத்துக்குச் சொல் தேடி அலையவும் வேண்டாம். கையளித்தலுக்குச் சோடி கையேற்றல்.

என் முன்மொழிவு இதுதான். வெளிச்செல்லும் பக்கத்தில் ‘டெலிவரி’ வரும் இடமெல்லாம் கையளிப்பு. எதிர்ப்பக்கம் ஏற்பது கையேற்பு. ‘சேர்ப்பு’ என்ற சொல்லை மறுமுனையில், கடிதம் பயனரின் பெட்டிக்குள் விழும் கடைசிப் படிக்கு மட்டும் ஒதுக்கிவைப்போம். அந்தப் படிக்கும் ஆங்கிலத்தில் டெலிவரி என்றுதான் சொல்கிறார்கள், குழப்பம் அங்கிருந்து வந்ததுதான். அதைத் தமிழுக்கும் தூக்கிக்கொண்டு வரவேண்டுமா என்ன?

‘பட்டுவாடா’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தபால் பட்டுவாடா தமிழ்நாட்டில் பழகிய சொல்தான். ஆனால் தேர்தல் காலத்தில் உங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் அதற்கு முன்னால் எந்தச் சொல் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுவோம்.

சரி, றிலே.

அண்ணா சொல்வது உண்மை, அகராதியில் அஞ்சல் என்றால் றிலேதான். எங்கள் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் கடைசியாக நடப்பது அஞ்சலோட்டம். ஒரு நிகழ்ச்சி நடக்கும் இடத்திலிருந்தே வானொலியில் வந்தால் நேரடி அஞ்சல். எல்லாம் பொருத்தம்தான். ஆனால் தபாலுக்கும் அதே சொல்லைப் போட்டு, அதற்கு முன்னால் மின்னையும் ஒட்டி, முப்பது வருடமாகப் பழகிவிட்டோம். இப்போது ‘மின்னஞ்சல் அஞ்சல் சேவையகம்’ என்று எழுதினால் தட்டச்சுப் பிழை என்றுதான் எவரும் நினைப்பார். ஏ.எல். படிக்கும் பிள்ளைகளிடம் அந்தத் தொடரைக் காட்டிக் கேட்டேன். ஒரு ‘அஞ்சல்’ கூடிப்போச்சு, வெட்டிவிடுங்கோ என்றார்கள். நல்ல சொல், ஆனால் அதன் இடத்தில் வேறு ஆள் குடியேறிவிட்டார்.

மட்டக்களப்பிலிருந்து தங்கச்சி எழுதிய ‘கைமாற்று’ எனக்கு முதலில் பிடித்தது. பிறகுதான் பொறி தட்டியது. கைமாற்று என்றால் இங்கேயும் அங்கேயும் சம்பளம் வரும் வரைக்கும் வாங்கும் கடன். ‘கைமாற்று அமைப்புகள்: பயனர் பெயர், கடவுச்சொல்’ என்று ஒரு பக்கம் திறந்தால் கணக்காளர்தான் முதலில் ஓடிவருவார். ‘கடத்தல்’ என்ற பரிந்துரையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கையேற்பு என்று ஒரு சொல் கிடைத்துவிட்டால் றிலேக்குத் தனியாக வேர் தேடத் தேவையில்லை. மின்னஞ்சல் சேவையக மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ‘றிலேஹோஸ்ட்’ என்ற அமைப்பு என்ன செய்கிறது? உள்ளூர் அல்லாத அஞ்சல் எல்லாவற்றையும் நேரே பெறுநரின் சேவையகத்துக்குக் கொண்டுபோகாமல், இந்த ஒரு சேவையகத்திடம் கொடு என்கிறது. அந்தச் சேவையகம் கையேற்பகம். பதிப்பகம், சேவையகம் மாதிரி ஒன்று. நீட்டி முழக்காத சொல், பெட்டிக்கு மேல் ஒரு வரியில் அடங்கும். றிலே செய்தல் என்ற வினையைக் ‘கையேற்று அனுப்பல்’ என்று விரித்துச் சொல்லலாம்.

> ஸ்மார்ட்ஹோஸ்டுக்கு ‘திறன் வழங்கி’. திறன்பேசி மாதிரி.

இதை ஏற்கமாட்டேன். திறன்பேசியின் திறன் வேறு, இது வேறு. கணினிகள் தொலைபேசி இணைப்பில் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுத்த பழைய யூ.யூ.சி.பி. காலத்தில் பல கணினிகளுக்குத் தம் பக்கத்துக் கணினியை மட்டும்தான் தெரியும். எந்த முகவரிக்கு எந்த வழி என்று தெரிந்த ஒரு கணினியிடம் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள், அதுதான் கெட்டிக்காரக் கணினி. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அந்தப் பெயர் அமைப்புக் கோப்பில் ஏறியது. இன்றைக்கு வழி கண்டுபிடிப்பது பெரிய வேலையே இல்லை, ஒரு டொமைனுக்கான அஞ்சலை எந்தச் சேவையகம் வாங்கும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவைக் கேட்டால் எந்தச் சேவையகமும் தெரிந்துகொள்ளும். இன்றைக்கு நாங்கள் ஒரு கையேற்பகத்தைத் தேடிப்போவதற்குக் காரணம் வேறு. உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் சாதாரண இணைப்புகளில் 25ஆம் துறையை (போர்ட்) வெளியே போகவிடாமல் அடைத்து வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும், ஐ.பி. முகவரியைத் திருப்பிக் கேட்டால் உங்கள் டொமைனின் பெயர் வராது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் வாசலிலேயே மறித்துவிடும். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் (முதல் இரண்டிலும் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்லிவைப்பது) மூன்றையும் கேட்கின்றன. ஆகவே தேவைப்படுவது நல்ல பெயருள்ள ஒரு கை. ஸ்மார்ட்ஹோஸ்ட், றிலேஹோஸ்ட் இரண்டுக்கும் கையேற்பகம் என்ற ஒரே சொல் போதும்.

போர்ட்டுக்குத் ‘துறை’ என்பதில் இங்கே எவருக்கும் தயக்கம் இருக்காது. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த ஊர். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் கிண்ணியாவுக்குத் துறையில் நின்று படகுப்பாதை ஏறிப் போனவர்களும் இருக்கிறார்கள். சேவையகங்கள் தங்களுக்குள் பேசுவது 25ஆம் துறையில். பயனரோ எங்கள் மாதிரிச் சிறிய சேவையகமோ கடவுச்சொல் கொடுத்து ஒப்படைப்பது 587இல். 465 ஒரு காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டு, 2018இன் ஆர்.எஃப்.சி. 8314க்குப் பிறகு மரியாதையோடு திரும்பி வந்தது. முதல் சொல்லிலிருந்தே மறைகுறியாக்கம் வேண்டுமென்றால் அதுதான்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைத் தவறாமல் சேர்க்கவேண்டும். கையேற்பகத்தின் பெயரைப் போஸ்ட்ஃபிக்ஸில் எழுதும்போது சதுர அடைப்புக்குள் போட்டால், ‘எம்.எக்ஸ். பார்க்காதே, நேரே இந்தக் கணினியிடமே போ’ என்று பொருள். அடைப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயரை ஒரு டொமைனாக எடுத்துக்கொண்டு அதன் எம்.எக்ஸைத் தேடும். கடிதம் வேறெங்கோ போய் நிற்கும். அடைப்பைப் பார்ப்பவர்கள் அலங்காரம் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். ஆகவே பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி எழுதுவோம்.

‘ஓப்பன் றிலே’யைத் ‘திறந்த’ என்று நேரே பெயர்த்தால் ஏதோ நல்ல விஷயம் போலத் தோன்றுகிறது. திறந்த மூலம், திறந்த மனம் வரிசையில் சேர்ந்துவிடும். உண்மையில் அது எவன் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கி அனுப்பும் சேவையகம். ஸ்பாம் அனுப்புகிறவர்கள் தேடித் திரிவதும் அதைத்தான். அப்படி ஒன்று இருந்தால் தடைப்பட்டியல்களில் ஏற நேரம் எடுக்காது. ‘கட்டற்ற கையேற்பு’ என்று வைத்தால் எச்சரிக்கைத் தொனி சொல்லிலேயே இருக்கும். இங்கே என்னோடு வேலை செய்யும் தம்பி ‘தர்மசத்திரம்’ என்றான். மனது ஒத்துக்கொள்கிறது, தாளில் ஏற்றமுடியாது.

அடுத்தது நிலைகள். பதிவில் ‘சென்ட்’ என்று வருவது கையளிக்கப்பட்டது. ‘டிஃபர்ட்’ என்பது பிற்போடப்பட்டது. தேர்தல் முதல் கூட்டம் வரை எல்லாவற்றையும் பிற்போடுகிற நாடு, எங்களுக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. தமிழ்நாட்டவருக்கு ‘ஒத்திவைக்கப்பட்டது’ பழக்கம் என்றால் மொழித் தெரிவில் இரண்டாவது வடிவமாக வைக்கலாம். எதிர்ப்பக்கம் 4இல் தொடங்கும் எண்ணைச் சொன்னால் பிற்போடல், 5இல் தொடங்கினால் மறுப்பு. இந்த வேறுபாட்டைப் பக்கத்தில் காட்டியே ஆகவேண்டும். முதலாவதற்குக் காத்திருந்தால் போதும், இரண்டாவதற்குக் காத்திருந்து பயனில்லை.

‘பவுன்ஸ்’ என்பதற்கு ‘துள்ளல்’ என்று எவரோ முன்பு சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். அதை நீக்கிவிடுங்கள். துள்ளுவது எது? கடிதம் திரும்பி வருவதுகூட இல்லை. வருவது ஒரு புதிய கடிதம், ‘உங்கள் கடிதத்தைக் கொடுக்க முடியவில்லை, காரணம் இது’ என்று சேவையகம் எழுதுவது. அனுப்புநர் முகவரி வெறுமையாக இருக்கும். அதுவும் சேராமல் போனால் அதற்கொரு அறிவித்தல், அதற்கொரு அறிவித்தல் என்று இரண்டு சேவையகங்கள் முடிவில்லாமல் எழுதிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. சேராமை அறிவித்தல் என்பது என் தெரிவு. இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று தாமத அறிவித்தல்: ‘இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்பது. போஸ்ட்ஃபிக்ஸில் அது இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கும். நிலாவெளி விடுதிக்கு நான் நான்கு மணித்தியாலத்தில் வரும்படி போட்டுக்கொடுத்தேன். நாளைக்கு வந்து இறங்கப்போகும் விருந்தினரின் கடிதம் ஐந்து நாள் வரிசையில் கிடந்து பிறகு ‘முடியவில்லை’ என்று வந்தால் யாருக்கு என்ன பயன்?

அந்த ஐந்து நாள் நான் விளையாட்டுக்குச் சொன்னதல்ல. ஆர்.எஃப்.சி. 5321, கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாளாவது முயலவேண்டும் என்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அளவும் ஐந்து நாள்தான். இதற்கு ‘வரிசையில் வைத்திருக்கும் ஆகக் கூடிய காலம்’ என்று வெளிப்படையாகவே எழுதுவோம். ‘வரிசை ஆயுள்’ என்று சுருக்கினால் வரிசைக்கே ஆயுள் முடிகிறது என்று படும்.

தமிழ் முகவரிகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ‘@’ குறிக்கு முன்னாலும் தமிழ் எழுத்து வரும் முகவரிக்குக் கடிதம் போகவேண்டுமென்றால், 2012இன் ஆர்.எஃப்.சி. 6531 சொல்லும் நீட்சி எதிர்ப்பக்கத்திலும் இருக்கவேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் 3.0 பதிப்பிலிருந்து அது உண்டு. எங்கள் சேவையகத்தில் இருந்து என்ன, கையேற்பகத்தில் இல்லாவிட்டால் கடிதம் அங்கேயே நின்றுவிடும், கையளிக்க வழியில்லை. ‘.இலங்கை’ என்ற தளப்பெயர் 2010இலேயே வந்துவிட்ட நாட்டில் இருந்துகொண்டு இதைச் சோதிக்காமல் கையேற்பகம் தெரிவுசெய்யாதீர்கள். பரிசோதனைப் பொத்தானுக்குக் ‘கையேற்புச் சோதனை’ என்று பெயர் வைக்கலாம்.

கடைசியாக ‘பேக்ஓஃப்’. ஒருமுறை முடியாமல் போனால் உடனே திரும்ப முயலாமல், இடைவெளி விட்டு, அந்த இடைவெளியையும் கூட்டிக்கொண்டு போவது. பட்டியலில் ‘பின்வாங்கல்’ என்றிருக்கிறது. சேவையகம் தோற்று ஓடுவதுபோல் ஒலிக்கிறது. பொல்லாத பிள்ளையை, கோபக்கார வாடிக்கையாளரை, மீனை எப்படிக் கையாளுகிறோம்? விட்டுப்பிடிக்கிறோம். ‘ஆகக் குறைந்த விட்டுப்பிடி நேரம்’ 300 வினாடி, ‘ஆகக் கூடிய விட்டுப்பிடி நேரம்’ 4000 வினாடி என்று பக்கத்தில் வந்தால் என் அம்மாவுக்கே விளங்கும். மதுரை அண்ணாவுக்கு இது அதிகப்படியான பேச்சு வழக்காகத் தோன்றலாம் என்று ஊகிக்கிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். மற்றச் சொற்களை மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிட்டு, இதை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.