போத்தலை அமுக்கினாலும் டிராப்பர் மூழ்கவில்லை

கேள்வி (பினாங்கு, தமிழ்ப்பள்ளி):
தண்ணீர் ஊற்றிய போத்தலை அமுக்கினால் உள்ளே மிதக்கும் டிராப்பர் (சொட்டு மருந்துக் குழாய்) மூழ்கி, விட்டால் மேலே வரும் சோதனையைச் செய்தோம். ஒன்றரை லிட்டர் மினரல் வாட்டர் போத்தல், கண்ணாடி டிராப்பர். இரண்டு கையால் அமுக்கியும் அசையவில்லை. ஏன்?

பதில்:
டிராப்பருக்குள் காற்று அதிகம், டீச்சர். முதலில் குவளையில் மிதக்கவிட்டு, ரப்பர் முனை மட்டும் வெளியே தெரியும்வரை தண்ணீர் ஏற்றுங்கள். போத்தலையும் விளிம்புவரை நிரப்புங்கள். மூடிக்குக் கீழே காற்று நின்றால் அமுக்குவதெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

பதில்:
அமுக்கும்போது டிராப்பருக்குள் நீர்மட்டம் ஏறுவதை மாணவர்கள் பார்க்கட்டும், பாடமே அதுதான். காற்று சுருங்கினால் விலக்கப்படும் நீர் குறையும். மிதப்பு விசை எடையைவிடக் குறைந்ததும் இறங்கும்.

கேள்வி கேட்டவர்:
இப்போது இறங்குகிறது, ஆனால் கையை விட்டும் ஏறவில்லை!

பதில்:
டிராப்பருக்குள் தண்ணீர் கூடிவிட்டது. 30 செ.மீ. ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிடச் சுமார் 3 விழுக்காடு அதிகம், காற்று அங்கே சுருங்கியே இருக்கும். ஓரிரு சொட்டு வெளியேற்றுங்கள்.