ஆறு வயதில் வந்தவர் எப்படி நார்வேக்காரர்?

கரிசல்காரன்: அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆளுநராக இருந்த கனூட் நெல்சனை "நார்வேயிலிருந்து வந்து மினசோட்டாவை ஆண்ட குடியேறி" என்று பொன்வண்டு எழுதியிருக்கிறார். படித்ததுமே எரிச்சல். 1843இல் நார்வேயில் பிறந்தார், சரி. 1849இல் அம்மாவோடு அமெரிக்கா வந்தபோது வயது ஆறு! வளர்ந்தது பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில். உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் படையில் சேர்ந்து, போர்ட் ஹட்சனில் குண்டடிபட்டுச் சிறைப்பட்டார். முதலில் சட்டமன்றம் போனதும் விஸ்கான்சினில்தான். இதில் நார்வே எங்கே?

பொன்வண்டு: வேறு நாட்டில் பிறந்து வந்தவர் குடியேறிதான். ஜனாதிபதி பதவிக்கு அவர் நிற்கவே முடியாது, தெரியுமா? 1892 தேர்தலில் ஜெயித்து மினசோட்டாவின் முதல் ஸ்காண்டிநேவிய ஆளுநரானார். எங்கள் ஊர்க்காரர் என்றுதானே அங்கே குடியேறிய நார்வே விவசாயிகள் அவர் பின்னால் நின்றார்கள்!

கரிசல்காரன்: ஓட்டுப் போட்டவர்கள் நார்வேக்காரர்கள். நான் கேட்பது அவரைப் பற்றி. ஆறு வயது. அதற்குப் பதில் எங்கே?

ஏரிக்கரை: வயதை விடுங்கள். 1889இல் அவர் கொண்டுவந்த நெல்சன் சட்டம் மினசோட்டாவின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் நிலத்தைத் துண்டு போட்டு, மீதியை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டது. அவர்களில் ரெட் லேக் பகுதி மக்கள் மட்டும் தனித்தனிப் பங்காகப் பிரிக்க ஒப்பவில்லை. இதைப் பேச இங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பொன்வண்டு: அதற்குத் தனித் திரி போடுங்கள். எல்லா இடத்திலும் நுழைந்து திசை திருப்புவதே உங்கள் வேலை.

ஏரிக்கரை: நிலம் போனவர்களைப் பற்றிப் பேசினால் திசை திருப்பலா? போன மாதமும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

கரிசல்காரன்: இருவரும் நகருங்கள். 1894இல் மறுபடி ஆளுநராக ஜெயித்தார். 1895 ஜனவரியில் சட்டமன்றம் அப்போது செனட்டராக இருந்த வாஷ்பர்னைக் கழற்றிவிட்டு இவரை செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அந்த மாதமே ஆளுநர் நாற்காலியை விட்டுப் போனார். அக்மார்க் அமெரிக்க அரசியல்வாதி!

வடதிசை: அவர் பெயர் கனூட்டா, நூட்டா? முதலில் அதைச் சரியாக எழுதுங்கள்.

கரிசல்காரன்: எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், வயது மாறாது.

பொன்வண்டு: 1923இல் சாகும்வரை செனட்டர். அத்தனை வருடமும் நார்வே வம்சத்தார் அவரைத் தங்கள் ஆளாகவே கொண்டாடினார்கள். அவர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கரிசல்காரன்: யார் கொண்டாடினால் என்ன? கப்பலில் இறங்கியபோது ஆறு வயது. நாளைக்கும் இதையேதான் கேட்பேன்.

ஏரிக்கரை: ரெட் லேக் பற்றி இன்னும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.