கணக்கு முடித்து அனுப்பும்போது கிராஜுட்டி எங்கே காணாமல் போகிறது?

மில் சம்பளப் பிரிவு, சேலம்:

வேலையை விட்டு நிற்கிறவர் கடைசி மாதச் சம்பளத்தையும் லீவுச் சம்பளத்தையும் எப்படியாவது கேட்டு வாங்கிவிடுவார். நழுவுவது கிராஜுட்டிதான், அதாவது சர்வீஸ் ஆண்டுகளைக் கணக்கிட்டு வேலையை விடும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அது தெரியாது, பி.எஃப் மாதிரி பிடித்தமும் கிடையாது. அதனால் அப்படி ஒன்று சேர்ந்துகொண்டிருப்பதே பலருக்கு நினைவில் இருக்காது.

கணக்கு சுலபம். கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் முழு ஆண்டு. 13,000 ரூபாய் ஊதியம், 7 வருடம் 8 மாத சர்வீஸ் என்றால் 500 × 15 × 8 = 60,000. மீட்டருக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குக் கடைசி மூன்று மாத சராசரி, ஓவர்டைம் நீங்கலாக.

தகராறு எப்போதும் ‘ஊதியம்’ எது என்பதில்தான். மொத்தம் 18,200 கொடுத்துவிட்டு, பேசிக்கும் டி.ஏ.வும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேர்த்து 7,800 என்று போட்டு, மீதியை வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று பிரித்திருப்பார்கள். பழைய முறையில் எட்டு வருடத்துக்கு 36,000 வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இப்படிப் பிரித்த படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியத்தில் சேரும். அப்போது கணக்குக்கு எடுக்க வேண்டியது 9,100, தொகை 42,000. இன்னும் பழைய எக்செல் ஷீட்டையே ஓட்டுகிற அலுவலகங்கள் உண்டு. கொடுத்த தொகையைப் பார்க்காதீர்கள், எந்த எண்ணை 26-ஆல் வகுத்தார்கள் என்று பாருங்கள்.

தொழிற்சங்க உறுப்பினர், அம்மாப்பேட்டை:

கணக்குக்கு முன்னாடி ஆளே பட்டியலில் இருக்கணுமே சார். இங்கே தறிக்கூடத்திலும் ஜவுளிக்கடையிலும் அதிகம் நடப்பது ‘பிரேக்’. நாலு வருடம் முடிந்ததும் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்குவார்கள். பதினைந்து நாள் கழித்து அதே தறியில் நிற்கவைத்து, பதிவேட்டில் மட்டும் முதலாளி வீட்டம்மா பெயரில் உள்ள நிறுவனத்தில் சேர்ப்பார்கள். கிராஜுட்டிக்கு வேண்டிய ஐந்து வருட சர்வீஸ் என்றைக்குமே முடியாது.

இதை உடைக்கப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை. பி.எஃப் பாஸ்புக்கில் இரண்டு நிறுவனமும் தேதியோடு வரும். பேங்க் ஸ்டேட்மென்டில் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரியும். அந்தப் பதினைந்து நாளிலும் சூப்பர்வைசர் ‘நாளைக்கு நைட் ஷிப்ட் வந்துடு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அதை அழிக்காதீர்கள், அதுதான் முக்கியம். புதிதாக யு.ஏ.என் (பி.எஃப் கணக்குக்கான எண்) எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒருவருக்கு ஒரு எண்தான்.

இன்னொன்று, ஐந்து என்றால் காலண்டர்படி முழு ஐந்து அல்ல. நாலு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உண்டு என்று 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நம்ம மாவட்டத்து மில் பெயரில் வந்த தீர்ப்பு, நம்ம ஊர் ஆபீஸிலேயே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது! வேலையில் இருக்கும்போதே இறந்தாலோ முடங்கிப்போனாலோ ஐந்து வருடக் கணக்கே கிடையாது.

வெள்ளிப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

எங்கள் பக்கம் ‘கிராஜுட்டி சட்டம் பொருந்தப் பத்துப் பேர் வேலை செய்யணும், இங்கே பத்துப் பேர் இல்லையே’ என்பார்கள். கொலுசு பற்றவைக்கிறவர் ஏழு பேர் என்று எண்ணி நிறுத்திவிடுவார்கள். மெருகு போடுகிறவர், கணக்கு எழுதுகிறவர், கூட்டுகிற அம்மா எல்லோரும் எண்ணிக்கையில் சேர்த்தி. ஒருமுறை பத்தைத் தொட்டு சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது.

எஸ்டேட் ரைட்டர், ஏற்காடு:

மலையில் சிக்கல் செக்ரோலில், அதாவது அன்றாட வருகையும் கூலியும் எழுதும் பதிவேட்டில், ஆரம்பிக்கிறது. காபிப் பழம் பறிக்கிற சீசனில் மாமியாரும் மருமகளும் பறித்ததை ஒரே மூட்டையில் கட்டி, எடை போட்டு, ஒருவர் பெயரில் கிலோ எழுதுவார்கள். கூலி சரியாக வந்துவிடும், அதனால் யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்றவருக்கு அந்த நாள் பதிவாகாது, வருடக் கடைசியில் 240 எட்டாது. ஆளுக்கு ஒரு மூட்டை, ஆளுக்கு ஒரு வரி என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். செக்ரோலில் ‘மாரி’, பி.எஃப்பில் ‘மாரியம்மா’, ஆதாரில் ‘மாரியம்மாள்’, இனிஷியல் ஒரு இடத்தில் அப்பாவுடையது, ஒரு இடத்தில் கணவருடையது. ஓய்வு பெறும் நாளில் இதைத் திருத்த ஓடுவது பெரும்பாடு. வேலையில் இருக்கும்போதே தொழிலாளியும் நிர்வாகமும் கையெழுத்திடும் பி.எஃப் திருத்த விண்ணப்பத்தை முடித்துவிட வேண்டும். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தால் சாவி கொடுத்த தேதிக்கு அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பணம் தாமதமாகும்போது முதலில் சொல்லும் காரணமே வீடுதான்.

மில் சம்பளப் பிரிவு, சேலம்:

ஜவ்வரிசி ஆலை மாதிரி சீசனுக்கு மட்டும் ஓடுகிற இடங்களில், அந்த சீசனுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சீசனுக்கு 7 நாள் ஊதியம் என்று கணக்கு. ஆலை ஓடாத மாதங்களிலும் காயப்போடும் களத்திலோ ரிப்பேரிலோ வேலை செய்தவரை அதில் சேர்க்கக் கூடாது.

நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டால் கிராஜுட்டி போய்விடும் என்பது சும்மா பயமுறுத்தல். பிடித்துவைக்க சட்டம் சொல்லும் காரணங்கள் குறைவு: சொத்துக்குச் சேதம் செய்ததற்காக, வன்முறைக்காக, வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக டிஸ்மிஸ் ஆகியிருக்க வேண்டும்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். சேர்ந்த தேதி, நின்ற தேதி, கடைசி ஊதியம், கணக்கிட்ட தொகை, பேங்க் கணக்கு விவரம், ஒரே பக்கம் போதும். நேரில் கொடுத்தால் நகலில் சீல். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், டெலிவரி விவரத்தைப் பிரின்ட் எடுத்து அதனோடு பின் அடித்து வையுங்கள். கிராஜுட்டிக்கு 30 நாள், மற்ற சம்பளப் பாக்கிக்கு நின்றதிலிருந்து இரண்டு வேலை நாள் கெடு. தாண்டினால் அதே தாள்களோடு தொழிலாளர் துறை அலுவலகம்.

தொழிற்சங்க உறுப்பினர், அம்மாப்பேட்டை:

ஒன்று விட்டுட்டீங்க. ‘எல்லாக் கணக்கும் முடிந்தது, இனி பாக்கி இல்லை’ என்று டைப் செய்த தாளை நீட்டி, இதில் போட்டால்தான் செக் என்பார்கள். தகராறு பண்ண வேண்டாம். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ‘சம்பளப் பாக்கி ரூபாய் இவ்வளவு மட்டும் பெற்றேன், கிராஜுட்டி நீங்கலாக’ என்று எழுதித் தேதி போட்டு, கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.