ரென்ஃப்ரியைக் கெரால்ட் காப்பாற்றியிருக்க வேண்டாமா?

வடகரைவாசி:
போலந்து எழுத்தாளர் ஆண்ட்ரே சப்கோவ்ஸ்கியின் ‘விட்சர்’ வரிசையில் 1990-ல் வந்த ‘குறைந்த தீமை’ கதையை நேற்று மூன்றாவது முறையாகப் படித்தேன். முடிவு வரை பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூலிக்குப் பூதம் கொல்லும் கெரால்ட், பிளாவிக்கன் என்ற ஊருக்கு வருகிறான். அங்கே கோபுரத்துக்குள் பதுங்கியிருக்கும் மந்திரவாதி ஸ்ட்ரெகபோர், தன்னைத் துரத்தி வரும் ரென்ஃப்ரியைக் கொன்றுவிடச் சொல்கிறான். பொன்முடி சூடிய அறுபது பெண்கள் வந்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ரத்தத்தால் நிரப்புவார்கள் என்று ஒரு பழைய ஜோசியம். கிரகணத்தை ஒட்டிப் பிறந்த பெண்கள்தான் அவர்கள் என்று மந்திரவாதிகள் முடிவு கட்டி, பலரைக் கோபுரங்களில் அடைத்தார்கள், செத்தவர்களை அறுத்துப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்தவர்களில் ஒருத்திதான் ரென்ஃப்ரி, கிரெய்டன் நாட்டு இளவரசி. சிற்றன்னை அவளைக் கொல்லச் சொல்லி ஒரு முரடனோடு காட்டுக்கு அனுப்புகிறாள். அவன் அவளைச் சீரழித்துவிட்டு விரட்டுகிறான். பிறகு பசி, திருட்டு, கொலை.

அவளும் கெரால்டிடம் வந்து மந்திரவாதியைக் கொல்லச் சொல்கிறாள். அவன் இருவருக்கும் முடியாது என்கிறான். மறுநாள் காலை சந்தையில் அவளையே கொல்கிறான்.

என் வாதம் ஒன்றுதான். முந்தின இரவு அவள் அவன் தங்கியிருந்த மாடி அறைக்குத் தானாகவே வந்தாள். அப்போதே அவளுக்கு அடைக்கலம் கொடுத்து, தன்னோடு அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். ‘ஊரை விட்டுப் போய்விடு’ என்று சொல்வது அடைக்கலம் இல்லை. எங்கே போவாள்?

கல்தச்சன்:
நண்பரே, அவள் அடைக்கலம் கேட்கவே இல்லை, கொலை கேட்டாள். அவளிடம் ஓர் அரசனின் பாதுகாப்புக் கடிதம் இருக்கிறது, ஆயுதம் தாங்கிய கூட்டாளிகள் இருக்கிறார்கள். மந்திரவாதி இறங்கி வரும்வரை சந்தைக்கு வரும் ஜனங்களை ஒவ்வொருவராக வெட்டுவது அவள் திட்டம். டிரிடம் என்ற ஊரில் ஏற்கெனவே நடந்த கொடுமை அது, அதைத்தான் திரும்பச் செய்யப் பார்க்கிறாள். காய்கறி வாங்க வந்தவர்கள் அவளுக்கு என்ன செய்தார்கள்? கெரால்டுக்கு ஒரு பொறுப்பு இருந்தது என்றால் அது அவர்களுக்குத்தான். அதை அவன் செய்தான். அவனுக்குக் கிடைத்த பெயர் ‘பிளாவிக்கன் கசாப்புக்காரன்’. அதுதான் எனக்கு வலிக்கிறது.

மழைமாதம்:
எனக்கு இந்தக் கதை வேறு இடத்தில் தைத்தது. என் சித்தி மூல நட்சத்திரம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லியே எத்தனையோ வரன்கள் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். முப்பத்திநாலு வயதில்தான் கல்யாணம் ஆனது. அதற்குள் சித்தியின் பேச்சு கடுமையாகிவிட்டிருந்தது. உடனே வீட்டிலேயே, ‘பார்த்தாயா, நட்சத்திரம் வேலையைக் காட்டுது’ என்றார்கள். யார் அப்படிப் பேச வைத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்ட்ரெகபோர் காட்டும் சாட்சியங்களைக் கவனியுங்கள். சின்ன வயதில் பறவையையும் நாய்க்குட்டிகளையும் சித்திரவதை செய்தாளாம். சொல்வது யார்? அவளைக் கொல்ல ஆள் அனுப்பிய சிற்றன்னையின் பக்கத்தில் நின்றவன். ரென்ஃப்ரியும் தன் கதையைத் தானே சொல்கிறாள், உண்மைதான். ஆனால் கோபுரமும் அதிகாரமும் அவனிடம் இருந்தன.

கல்தச்சன்:
உங்கள் சித்திக்கு நடந்தது அநியாயம் அம்மா, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஜோசியம் பொய் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கேள்வி மாறாது. சபிக்கப்பட்டவள் என்பதால் அவளைத் தண்டிப்பது எப்படி நியாயமில்லையோ, சபிக்கப்பட்டவள் என்பதால் அவள் செய்யப்போகும் கொலைகளை மன்னிப்பதும் நியாயமில்லை. அந்தச் சந்தையில் குழந்தைகளும் இருந்திருப்பார்கள்.

வடகரைவாசி:
மன்னிக்கச் சொல்லவில்லை, முந்தின இரவைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இதே வரிசையில் பின்னாலே வரும் சிரில்லாவைப் பாருங்கள். சிந்த்ரா நாட்டின் வாரிசு, நாடு விழுந்து ஓடி வந்தவள், ரத்தத்திலேயே ஒரு தீர்க்கதரிசனத்தைச் சுமப்பவள், ஒரு பேரரசே தேடுகிறது. முதலில் கெரால்ட் அவளையும் ஏற்காமல் விலகிப் போனவன்தான். பிறகு திரும்பவும் கண்டபோது அணைத்துக்கொள்கிறான், தான் வளர்ந்த கேர் மோர்ஹென் கோட்டைக்கே கூட்டிப்போகிறான். அவளால் உலகத்துக்கு ஆபத்து வருமா என்று சாட்சி கேட்கவில்லை. ரென்ஃப்ரிக்கு மட்டும் ஏன் அது கிடைக்கவில்லை?

கல்தச்சன்:
சிரில்லா வெறுங்கையோடு வந்த சின்னப் பிள்ளை. ரென்ஃப்ரி வாளோடு வந்தவள்.

மழைமாதம்:
ரென்ஃப்ரியும் ஒரு நாள் வெறுங்கையோடு காட்டில் நின்ற சின்னப் பிள்ளைதானே அண்ணா? அன்றைக்கு அந்த வழியாக ஒரு கெரால்ட் வரவில்லை.

இன்னொன்று. சந்தையில் அவளுடைய ஆட்களைக் கெரால்ட் கொன்று முடித்த பிறகுதான், மந்திரவாதியை மிரட்டப் போயிருந்த அவள் கோபுரத்திலிருந்து வருகிறாள். ஊரையே வெட்டினாலும் வெளியே வரமாட்டேன் என்று ஸ்ட்ரெகபோர் சொல்லிவிட்டான். அவள் திட்டம் அந்த நிமிஷமே செத்துப்போய்விட்டது. இனி யாரையும் வெட்டிப் பலனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கல்தச்சன்:
இந்த இடம் எனக்கும் உறுத்துகிறது, மறைக்கவில்லை. ஊரைப் பலி கொடுக்கத் தயாராக இருந்தவன் மந்திரவாதியும்தான். அவனைத் தொடாமல் விட்டது கெரால்டின் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவள் வாளை எடுத்தாள். சாகும்போது குளிர்கிறது, அணைத்துக்கொள் என்று கேட்கிறாள், மறு கையில் குத்துவாள் இருக்கிறது. அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. கடைசி வரை யாரையும் நம்ப முடியாமல் போனவள் என்றுதான் தோன்றியது.

வடகரைவாசி:
அதற்குப் பிறகு நடப்பதையும் சேர்த்துப் படியுங்கள். கோபுரத்தை விட்டு இறங்கி வந்த ஸ்ட்ரெகபோர் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறான். கெரால்ட் அவனைத் தொட விடவில்லை. ஊர் ஜனங்கள் கல்லெறிகிறார்கள், தங்க இடம் கொடுத்த ஊர்த்தலைவரே இனி இங்கே வராதே என்கிறார். அந்த உடலுக்காக மந்திரவாதியை எதிர்த்து நின்றானே, அதே உறுதியோடு முந்தின இரவு நின்றிருக்கலாம் என்றுதான் கேட்கிறேன் கல்தச்சன்.