பர்ச்சேஸ் பில்லும் 2பி-யும் ஒத்துப்போகவில்லை

கேள்வி (அம்பத்தூர், பம்ப் உதிரிபாகம்): டாலி (கணக்கு சாஃப்ட்வேர்) பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பியோடு (சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தரும் பட்டியல்) எக்செலில் விலுக்அப் (ஒப்பிட்டுத் தேடும் ஃபார்முலா) போட்டால், இருக்கிற பில்லே இல்லை என்று காட்டுகிறது. சாஃப்ட்வேர் வாங்கணுமா சார்?

பதில் 1: வேண்டாம் சார். பில் நம்பர்தான் வில்லங்கம். சப்ளையர் ‘எஸ்ஐ/0047/24-25’ என்று ஏற்றியிருப்பார், உங்கள் ஆள் ‘47’ என்று அடித்திருப்பார். எக்செலின் பவர் குவரியில் (பட்டியல்களை இணைக்கும் வசதி) சப்ளையரின் ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்), பில் தேதி இரண்டையும் வைத்துச் சேருங்கள். வரி வித்தியாசம் 1 ரூபாய்க்குள் இருந்தால் ரவுண்டிங்தான், விட்டுவிடலாம். ஒரே நாளில் ஒரே சப்ளையரின் இரண்டு பில் வந்தால் மட்டும் நம்பரைப் பாருங்கள்.

பதில் 2: டாலி வவுச்சர் தேதியை எடுக்காதீங்க, அது பெரும்பாலும் சரக்கு வந்த நாளாக இருக்கும். சப்ளையர் இன்வாய்ஸ் தேதிதான் 2பியில் இருக்கும்.

பதில் 3: 2பி 14ஆம் தேதிதான் வரும். அதற்குள் சப்ளையர் தன் விற்பனை பில்களை ஏற்றும் மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 கெடு, 11ஆம் தேதி, போய்விடும். 8ஆம் தேதியே ஜிஎஸ்டிஆர்-2ஏ-வை (சப்ளையர் ஏற்ற ஏற்ற மாறும் பட்டியல்) இறக்கி, விடுபட்ட சப்ளையருக்குப் போன் போடுங்க.